மூத்தோரைப் பேணும் கைகள்

தமிழில் 'முது' என்னும் அடிச்சொல் பெரும்பாலும் பெருமையைக் குறித்தே நின்றது. முதுமொழி, முதுகுடி, மூதூர், மூதறிவு, முதுசொம் என எதனோடு சேர்ந்தாலும், சேர்ந்த பொருளுக்கு அது மதிப்பை ஏற்றிற்று. பழைய ஊரையும் பழைய மொழியையும் பழைய ஏட்டையும் நாம் இன்றும் போற்றுகிறோம். மனிதர்மேல் முதுமை ஏறும்போது மட்டும் நம் நா வேறு சொற்களைத் தேடுகிறது. கிழம், கிழடு, பெரிசு என்பன அவற்றுள் சில. 'கிழவன்' என்னும் சொல்லின் வரலாறோ இன்னும் வியப்புக்குரியது. அகத்திணையில் கிழவனும் கிழத்தியும் தலைவனும் தலைவியுமே ஆவர். கிழமை என்பது உரிமை. உரிமை உடையவனைக் குறித்த ஒரு சொல் நாளடைவில் உரிமைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தவனைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்று சொல்லி மேலே சென்றுவிடுவர். யாம் சற்று நின்று நோக்க விழைகின்றோம்.

நிறத்தால் ஒருவரை இழிவு செய்வதற்கும் பாலால் இழிவு செய்வதற்கும் பெயர் இருப்பதுபோல், வயதால் இழிவு செய்வதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்று 1969இல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பட்லர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை ஆக்கித் தந்தார். நாம் அதனை முதுமை இகழ்ச்சி எனலாம். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களுள் இருவருக்கு ஒருவர் இவ்விகழ்ச்சியை மனத்தில் கொண்டுள்ளனர் என்கிறது. இதனை அறிய அறிக்கை வேண்டுவதில்லை. நம் ஊர் மருத்துவமனை ஒன்றில் ஒரு நாழிகை அமர்ந்திருந்தால் போதும். நோயாளி நாற்காலியில் அமர்ந்திருப்பார், மருத்துவர் அவர் மகனைப் பார்த்து, "இவருக்கு இராத்திரி தூக்கம் வருகிறதா?" என்று வினவுவார். தூங்காதவர் இங்கிருக்க, தூங்கியவர் விடையளிப்பார். நியாயவிலைக் கடையில் விரல்ரேகை பதியும் கருவி, அறுபது ஆண்டு உழைத்துத் தேய்ந்த விரலை அறியாது மறுக்கும். வரிசையில் நிற்போர் கருவியைக் கடியாமல் கிழவியைக் கடிவர். ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று தரவேண்டும். சான்று கேட்பது தவறன்று. கேட்கும் குரல்தான், இவர் இன்னுமா இருக்கிறார் என்று ஒலிக்கிறது.

இவற்றை எடுத்துரைத்தால், "இவையெல்லாம் மேனாட்டுச் சிக்கல்கள், பெற்றோரைத் தெய்வமாய் மதிக்கும் மண் இது" என்று மறுமொழி வரும். பட்டிமன்ற மேடைகளில் இதற்குக் கைத்தட்டலும் கிடைக்கும். அப்பெருமையைக் கொஞ்சம் உரைத்துப் பார்ப்போம். கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்பேசி, இளமையை நினைந்து இரங்கும் முதியவர் ஒருவரின் குரல் புறநானூற்றிலேயே உண்டு. தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருக்குக் கைத்தடியே பெயராயிற்று; இயற்பெயரை எவரும் நினைவில் வைக்கவில்லை. விருதுநகர்ப் பகுதியில் நோயுற்ற முதியோரை எண்ணெய் முழுக்காட்டி இளநீர் பருக்கி உயிர்நீங்கச் செய்யும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் 2010இல் இதழ்களில் வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. அவ்வூர்களில் சிலர் அதனைக் கொடுமை என்று கருதவில்லை. கடமையின் முடிவு என்றே கருதினர். ஆகவே பண்பாடு என்னும் ஒரு சொல்லைக் கூறி இவ்வினாவை மூடிவிட இயலாது.

மேலும், கூட்டுக் குடும்பம் முதியோரைப் பேணியது என்கிறோமே, அக்குடும்பத்தில் பேணிய கை எவருடையது? கடமை மகனுக்குரியது என்று நூல்கள் கூறின. கழிகலம் எடுத்ததும், கஞ்சி காய்ச்சி ஊட்டியதும், கால் பிடித்துவிட்டதும் மருமகளும் மகளுமே. புகழ் ஒருவருக்கு, பணி மற்றொருவருக்கு. ஊதியம் இல்லாததால் அப்பணியை எவரும் பணியாக எண்ணவில்லை. எண்ணாததால், அது நின்றபோது எது நின்றது என்பதையும் எவரும் உடனே உணரவில்லை.

கடற்கரையூர்களைப் பார்த்தால் இது தெளிவாகும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைப் பெண்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆடவர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பின்னர் வளைகுடாவுக்கும் பொருள்வயின் பிரிந்து சென்றனர். உம்மாவும் மகளும் மகளின் மகளுமாக வீடு நிறைந்திருந்தது. சபுராளியின் பெட்டி வந்திறங்கும் நாளும், மடல் வரும் நாளும் அவ்வீட்டின் திருநாள்கள். முதுமையுற்ற தாய் தன் வீட்டிலேயே தான் பெற்ற மகளின் கையால் பேணப்பட்டாள். மாமியார் மருமகள் பூசலுக்கும் அங்கு இடம் குறைவு. பேணலுக்கு ஏற்ற ஏற்பாடு இதனினும் உண்டோ என்று வியக்கலாம். ஆனால் அவ்வேற்பாடு முழுவதும் ஒரே ஒரு தூணின்மேல் நின்றது: மகள் ஊரைவிட்டுப் போகமாட்டாள் என்பதே அத்தூண். இன்று அவள் படிக்கிறாள், பட்டம் பெறுகிறாள், கணவனோடு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ செல்கிறாள். செல்லவேண்டியதே. வாழ்நாள் முழுவதும் கணவனைப் பிரிந்திருப்பதைக் கற்பின் இலக்கணமாக்கிய காலம் மீண்டும் வரவேண்டும் என்று எவரும் கேட்கலாகாது. ஆயினும் முற்றமும் திண்ணையும் உள்ள பெரிய வீட்டில் உம்மா ஒருத்தி மட்டும் எஞ்சி நிற்கிறாள்.

இது கடற்கரையூர்களின் கதை மட்டுமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயது கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அவ்வகையினர். 2031இல் இது நூற்றுக்குப் பதினெட்டாகும் என்று நடுவண் அரசின் வல்லுநர் குழு மதிப்பிட்டுள்ளது. குழந்தைகள் குறைந்து, இருக்கும் ஓரிருவரும் ஊர்விட்டுப் போகும் நாட்டில் இவ்வெண்களின் பொருள் வெளிப்படை.

எனவே கூலிக்கு ஆள் அமர்த்துகிறோம். அமர்த்தப்படுபவள் பெரும்பாலும் அடுத்த சிற்றூரிலிருந்தோ அடுத்த மாவட்டத்திலிருந்தோ வருபவள், கணவனை இழந்தவள், அல்லது கணவனால் விடப்பட்டவள், நாற்பதைக் கடந்தவள். நகரங்களில் முகவர் வழியாக வடகிழக்கிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெண்கள் வருகின்றனர். முகவர் தம் பங்கை முன்னரே எடுத்துக்கொள்வார். "வீட்டோடு இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வேறு வேலை ஒன்றுமில்லை" என்பதே ஒப்பந்தம். 'பார்த்துக்கொள்ளுதல்' என்னும் அவ்வொரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பதை எண்ணுவார் இல்லை. எனவே எண்ணிப் பார்ப்போம்.

படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குப் படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும் என்பது செவிலியர் அறிந்த பாடம். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் பன்னிரண்டு முறை. இரவு பத்துக்கும், பன்னிரண்டுக்கும், இரண்டுக்கும், நான்குக்கும் எழுபவள் எப்போது உறங்குவது? ஆலையில் எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் மாறுவர், மருத்துவமனையிலும் அவ்வாறே. அக்கணக்குப்படி இப்பணிக்கு மூவர் வேண்டும். நாம் ஒருத்தியை அமர்த்தி ஒருத்திக்குரிய ஊதியம் தருகிறோம். அதனையும் தாராளம் என்று எண்ணிக்கொள்கிறோம். மற்ற இருவரின் உழைப்பு எங்கிருந்து வருகிறது? அவள் உறக்கத்திலிருந்தும் உடம்பிலிருந்தும் வருகிறது. இதனைச் சுரண்டல் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பர். வேறு சொல் எமக்குத் தெரியவில்லை.

மறதிநோய் கண்ட முதியோர் வீட்டில் துன்பம் இரட்டிக்கிறது. வளையலைத் தாமே தலையணை உறைக்குள் மறைத்துவைத்து, காணவில்லை என்று தேடி, "இவள்தான் எடுத்தாள்" என்று அழுவது அந்நோயின் குறிகளுள் ஒன்று. நோயை அறிந்த பிள்ளைகளும் அக்கணத்தில் தாயின் சொல்லை நம்பிவிடுகின்றனர். அன்று வரை 'எங்கள் வீட்டுப் பெண்போல' என்று பேசப்பட்டவள் அன்று மாலையே பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். உறைக்குள்ளிருந்து வளையல் பின்னர்க் கிடைத்தாலும் அவளைத் தேடிச் செல்வார் எவருமில்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். முதியோர் இரக்கத்துக்குரியோர் என்பதால் அவர்கள் செய்வதெல்லாம் நன்று ஆகிவிடாது. பணிப்பெண்ணுக்குத் தனிக் குவளை வைப்பதும், அவள் சாதியை வினவிய பின்னரே அடுக்களைக்குள் விடுவதும், அவள் மொழியை ஏளனம் செய்வதும் பல வீடுகளில் மூத்தோர் வாயிலாகவே நிகழ்கின்றன. முதுமையை இகழ்வது குற்றம். முதுமையின் பேரால் பிறரை இகழ்வதும் அவ்வாறே.

அவளுக்கும் ஒரு தாய் உண்டு. அத்தாயை யார் பார்க்கிறார்? அவளுடைய மூத்த மகள் பள்ளியை விட்டு நின்று பார்க்கிறாள். அல்லது பக்கத்து வீட்டார் அவ்வப்போது எட்டிப் பார்க்கின்றனர். அமெரிக்கச் சமூகவியலார் ஆர்லி இரசல் ஆக்சைல்டு 2000ஆம் ஆண்டில் இதனைப் பேணற் சங்கிலி என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினார். செல்வர் வீட்டுக்கு ஏழை வீட்டிலிருந்து ஒரு தாய் போகிறாள். அவள் வீட்டுக்கு அவளினும் ஏழையான ஒருத்தி போகிறாள். கடைசிக் கண்ணியில் கூலிக்கு அமர்த்த இயலாத ஒரு கிழவி தானே எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்கிறாள். நம் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குக் 'கத்தாமா'வாகச் சென்ற பெண்களையும், இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து சென்ற பெண்களையும் இங்கு நினைவுகூர்தல் தகும். வீட்டு வேலைக்கு அயல்நாடு செல்லும் பெண் முப்பது வயது நிரம்பியவளாயிருத்தல் வேண்டும் என்று இந்திய அரசு வளைகுடா முதலிய நாடுகளுக்கு விதி செய்தது. இளம்பெண்களைக் காக்கும் நல்லெண்ணமே அதன் காரணம். ஆயினும் முப்பது கடந்தவள் யார்? ஒரு கையில் சிறு குழந்தையும் மறு கையில் தளர்ந்த தாயும் உடையவள். அவளைத்தான் அவ்விதி கப்பலேற்றியது.

சிங்கப்பூர் இவ்விருவினாக்களையும் சட்டத்தால் எதிர்கொண்ட நாடு. நம் ஊராருக்கு அந்நாடு அயலானதும் அன்று. 1995இல் அங்குப் பெற்றோர் பேணற் சட்டம் நிறைவேறியது. நியமன உறுப்பினராயிருந்த வால்டர் ஊன் என்னும் சட்டப் பேராசிரியர் தனிமுறையில் கொணர்ந்த முன்வரைவு அது. அறுபது வயது கடந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பொருளுதவி கோரி நடுவர் மன்றத்தை நாடலாம். 2023இல் அதனைத் திருத்தியபோது, இளமையில் பிள்ளையைக் கைவிட்ட அல்லது கொடுமை செய்த பெற்றோர் மன்றத்தின் இசைவு பெற்றே வழக்குத் தொடர வேண்டும் என்றனர். கடமைக்கு இருபுறமும் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட திருத்தம் இது. யாம் இதனைப் பாராட்டுகின்றோம். அதே அரசு, முதியோர் உள்ள வீட்டார் அயல்நாட்டுப் பணிப்பெண்ணை அமர்த்தினால் மாதந்தோறும் செலுத்தும் தீர்வையையும் பெரிதும் குறைத்துத் தருகிறது. அங்குத் தமிழ்ப் பாட்டிக்கு இந்தோனேசியப் பெண் கஞ்சி ஊட்டுகிறாள். சீனப் பாட்டனாரின் சக்கர நாற்காலியை மியன்மாப் பெண் தள்ளுகிறாள். அப்பெண்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பது 2013இல்தான் விதியாயிற்று. அப்போதும் ஓய்வுக்கு மாற்றாகப் பணம் கொடுத்து வேலை வாங்க இடமிருந்தது. மாதத்தில் ஒருநாளையேனும் பணத்துக்கு மாற்றலாகாது என்னும் விதி 2023இல் வந்தது. பெற்றோருக்கு 1995, அவரைப் பேணுபவளின் ஒருநாளுக்கு 2023. இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளே அவள் அந்நாட்டில் எங்கு நின்றாள் என்பதைக் காட்டும்.

நம் நாட்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம், மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மிகாமல் பிள்ளைகளைத் தரச்செய்யலாம். பேணுவதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிய பின் கைவிட்டால் அப்பத்திரத்தை விலக்கவும் இச்சட்டம் வழிசெய்கிறது. 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம், தாய் ஒருத்தி மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை அவ்வாறே விலக்கிற்று. நல்ல சட்டம். ஆனால் அது பராமரிப்பு என்பதற்குத் தரும் பொருளைப் பாருங்கள்: உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். நான்கும் பணத்தால் வாங்கக்கூடியவை. பணம் அனுப்பும் மகன் இச்சட்டத்தின்முன் குற்றமற்றவன். உம்மாவின் அறையில் ஒளிப்படக் கருவி பொருத்தி, அயல்நாட்டிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பவன் தன்னைக் கடமை தவறாதவன் என்றே எண்ணுகிறான். உடை மாற்றும்போதும் அக்கருவி விழித்திருக்கிறதே என்று அவளிடம் எவரேனும் கேட்டதுண்டா? தன் அறையில் தன்னை எவர் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை எண்பது வயதில் இல்லாமற் போகுமோ?

பெற்றோரைக் கூலியாளிடம் விடுவதே பாவம் என்பார் ஒரு சாரார். அவர்கள் பெரும்பாலும் ஆடவர். தம் தாயின் கழிகலத்தைத் தாம் எடுக்கும் நாள் வரும் என்று கனவிலும் எண்ணாதவர். அவர்கள் சொல்லும் அறத்தின் பொருள், மனைவி வேலையை விடவேண்டும் என்பதே. அதனை யாம் ஏற்பதற்கில்லை. நல்ல பயிற்சியுள்ள கை, மனமில்லாத மருமகளின் கையைவிட முதியோருக்கு நன்மை செய்யக்கூடும். பணம் அனுப்பினால் போதும் என்பார் மற்றொரு சாரார். அவர்களையும் ஏற்பதற்கில்லை. உடலைத் தூக்கும் பணியைக் கூலிக்கு விடலாம். மருத்துவரிடம் உடன் சென்று கேட்பது, "உங்களை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்கள், இவ்வூரிலேயே இருக்க விருப்பமா?" என்று தாயிடம் வினவி விடைக்குக் காத்திருப்பது, பணிப்பெண் ஊருக்குப் போகும் பத்து நாளில் தானே வந்து அவ்விடத்தில் நிற்பது ஆகியவற்றைக் கூலிக்கு விட இயலாது. விடுமுறைக்கு வரும் மகன், திருமணங்களுக்கென நாளை வகுத்துக்கொள்வதுபோல் அப்பத்து நாளையும் முன்னரே வகுத்துக்கொள்ளலாம். அந்நாட்களில் இரவு இரண்டு மணிக்கு அவன் ஒருமுறை எழுந்தால், அடுத்த மாத ஊதியத்தை உயர்த்த வேறு பரிந்துரை தேவைப்படாது.

இலக்கிய மாணவர்க்கு ஒன்று. பிள்ளையை வளர்க்கப் பெற்ற தாயல்லாத ஒருத்தி வந்தபோது அவளுக்கு நம் முன்னோர் செவிலித்தாய் என்று தாய்ப்பெயர் இட்டனர். அதனோடு நில்லாமல், அகப்பொருள் இலக்கணத்தில் செவிலி கூற்று என்று அவள் பேசுதற்கு இடமும் வகுத்தனர். அவள் கவலையும் சினமும் பாட்டாயின. இன்று மூத்தோரைப் பேண வருபவளுக்கு நம்மிடம் ஆயா, வேலைக்காரி, ஆள் என்னும் சொற்களே உள்ளன. அவளுக்குக் கூற்று என ஒன்றும் இல்லை. சிறுகதை எழுத விரும்பும் மாணவர்கள் கடற்கரையையும் நிலவையும் ஓராண்டு விட்டுவிட்டு, தம் தெருவிலேயே இப்பணி செய்யும் ஒருத்தியிடம் அவள் நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டு எழுதுவார்களாக.

வீட்டுப் பணியாளர்க்கென 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. இந்தியா அதனை இன்னும் ஏற்றுறுதி செய்யவில்லை. தமிழக அரசு 2007இல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைத்தது. அதில் பதிந்துகொள்ளலாம் என்பதையே பலர் அறியார். அமர்த்துவோர் தாமே அழைத்துச் சென்று பதியச் செய்தல் அரைநாள் வேலை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 2019இல் மக்களவையில் ஒரு முன்வரைவு வந்தது. மருமகனையும் மருமகளையும் கடமைப்பட்டோர் பட்டியலில் சேர்க்கவும், பத்தாயிரம் என்னும் வரம்பை நீக்கவும், வீட்டுக்கு வந்து பேணும் நிறுவனங்களைப் பதிவு செய்து பேணுநருக்குப் பயிற்சி தரவும் அது முனைந்தது. நிறைவேறாமலேயே 2024இல் அவையோடு காலாவதியாயிற்று. அது மீண்டும் வருமாயின், பயிற்சியோடு நில்லாமல், இரவுப் பணிக்குத் தனி ஊதியம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, முகவர் பிடிக்கும் பங்குக்கு ஒரு வரம்பு ஆகிய மூன்றையும் அதில் சேர்த்தல் வேண்டும் என்றும், எவரைப் பேணுகிறோமோ அவர் இசைவு பெற்றே பேணுநரை அமர்த்த வேண்டும் என்று ஒரு வரி எழுதுதல் வேண்டும் என்றும் கோருகின்றோம்.